அரியும் அரிப்பும் அரிப்புக்காரரும்

அரிப்பு என்றவுடன் இக்காலத்தார்க்குத் தோல் நமைச்சலே நினைவுக்கு வருவதால், ஆற்று மணலையும் பொற்கொல்லர் தெருச் சாக்கடை வண்டலையும் கழுவிக் காசும் பொற்பொடியும் தேடிப் பிழைத்தவரைக் குறிக்கும் ‘அரிப்புக்காரர்’ என்னும் பழஞ்சொல்லுக்குப் பொருந்தாப் பொருள்கள் கற்பிக்கப்படுகின்றன. அவற்றுள் படித்தவரிடையே செல்வாக்குப் பெற்றது, அறுத்தலைக் குறிக்கும் அரிதலிலிருந்தே அரித்தல் பிறந்தது என்னும் கொள்கையாகும். கேட்க இனிதாயினும் இது இலக்கணத்தோடு மோதுகிறது. நெல்லை அரிந்தான் என்பதும் அரிசியை அரித்தான் என்பதும் சேர்ந்தான், சேர்த்தான் என்பன போலத் தன்வினையும் பிறவினையும் ஆகா. ஏனெனில் அரிதல் தானே செயப்படுபொருளை வேண்டும் வினையாக இருப்பதோடு, அரித்தான் என்பதற்கு அரியச் செய்தான் என்ற பொருள் எங்கும் இல்லை. அரிவாளும், அறுவடைக்குப் பின் நிலத்தில் நிற்கும் அரிதாளும் அரிதலின் சுற்றம். அரிப்புக்காரர்க்கு அங்கே உறவில்லை.

அவர்தம் உறவு ‘அரி’ என்னும் பெயர்ச்சொல்லோடு அமைந்தது. அரி என்பது சிலம்பினுள் இடும் பரல். பாண்டியன் அவையில் கண்ணகி தொடுத்த வழக்கு முழுவதும் சிலம்பின் அரி முத்தா மாணிக்கமா என்ற ஒரே வினாவில் தங்கியிருந்ததைச் சிலப்பதிகாரம் கற்றோர்க்கு நினைவூட்ட வேண்டியதில்லை. உமி நீங்கிய மணியாகிய அரிசியும் இதன் வழியதே. மலையாளத்தில் இன்றும் அரிசிக்கு அரி என்றே பெயர், சல்லடைக்கும் வடிகட்டிக்கும் அரிப்ப என்று பெயர். ஆகவே நுண்ணிய மணியைக் கலப்பிலிருந்து பிரித்தெடுப்பதே அரித்தலின் முதற்பொருளாதல் வேண்டும். கண்ணின் செவ்வரியையும் அரிமாவையும் இங்கு இழுத்துவந்து குழப்புவது வீண்வேலை.

சமையலறையின் அரிக்கஞ்சட்டி இதற்கு நல்ல சான்று. உட்புறம் வரிவரியாகப் பள்ளமிட்ட அச்சட்டியில் அரிசியையும் நீரையும் இட்டுச் சுழற்றி அலசினால், கனமில்லாத அரிசி நீரோடு அடுத்த கலத்துக்குப் போக, கனத்த கல்லும் மணலும் பள்ளங்களில் தங்கிவிடும். அரிப்புக்காரர் மரவை என்னும் மரத்தட்டில் செய்ததும் இதே வேலையாயினும், அவர் விரும்பியது அடியில் தங்குவதை. வண்டல் நீரோடு கழிய, கனத்த பொற்பொடி மரவையின் அடியில் நிற்கும். அப்பொடியைப் பாதரசத்தோடு பிசைந்து ஒன்றுசேர்த்து, பின்னர் நெருப்பிலிட்டு இரசத்தைப் போக்கிப் பொன்னை மீட்பதும் உண்டு.

மணியைப் பிரித்த சொல் நீர்மத்துக்கும் சென்றது. சங்கப் பாட்டுகளில் பயிலும் அரியல், அரிக்கப்பட்ட கள். நன்னூலார் கடைமாணாக்கர்க்கு உவமையாக்கிய நெய்யரி, நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்ளும் பன்னாடை. இன்று ஒருவனைப் பன்னாடை என்று வைபவர் பவணந்தியாரை அறியாமலே வழிமொழிகின்றனர். ஆறு கரையை மணல்மணலாகக் கொண்டுபோவதும், கறையான் மரத்தைத் துகள்துகளாக்குவதும், எறும்பு ஊர்வதுபோல் தோல் நமைப்பதும், காசு கேட்டு ஓயாமல் அரித்தெடுப்பதும் சிறிது சிறிதாக என்னும் கருத்தால் பின்னர் கிளைத்த பொருள்களே.

இலங்கையில் மன்னார்ப் பகுதியின் அருவியாறு கடலோடு கலக்குமிடத்துக்கு அருகே அரிப்பு என்றே ஓர் ஊர் உண்டு. அது முத்துக்குளிப்பால் பெயர்பெற்ற கரை. சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, எஞ்சிய கசடை அரித்தே அங்கு முத்தெடுத்தனர். குளிப்புக் காலம் முடிந்தபின் ஏழைகள் மணலில் சிந்திய முத்துகளைத் தேடி அலைந்தனர். அவ்வூர்ப் பெயருக்குக் கடலரிப்பைக் காரணமாகக் கூறுவோர், இந்த அரிப்பை எண்ணிப் பார்க்கவில்லை.

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டின் பெயரையும் இவ்வாறு விளக்கலாம். அரியாங்குப்பம் ஆற்றின் கரையிலுள்ள அம்மேட்டை நீர் அரித்து வெளிப்படுத்திய மணிகளையும் கற்களையும் ஊர்ச் சிறுவர் பொறுக்கிவந்தனர். 1937-ஆம் ஆண்டில் ழுவோ துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவர்களிடமிருந்து அவற்றை விலைக்கு வாங்கினார். உரோமப் பேரரசன் அகஸ்டசின் தலை எனக் கருதப்பட்ட செதுக்குமணியும் அவர் திரட்டியவற்றுள் ஒன்று. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து அவ்விடத்தை உலகறியச் செய்வதற்கு முன்பே அந்தச் சிறுவர் அரிப்புக்காரரின் தொழிலைக் கைக்கொண்டிருந்தனர். இவ்வூர்ப்பெயரை அருகன்மேடு என்று திருத்தி, சமயச் சாயல் பூசுவார் பலர். அரிக்கும் சட்டி அரிக்கஞ்சட்டி ஆனதுபோல அரிக்கும் மேடு அரிக்கமேடு ஆயிற்று எனக் கொள்ளலாம். ஆயினும் இவ்விரு விளக்கங்களுள் எதுவும் உறுதியாக நிறுவப்படவில்லை. ஊர்ப்பெயர் நூல்கள் அரிப்பு என்னும் விளக்கத்தையும் இனியேனும் கருதிப்பார்த்தல் வேண்டும்.