சுரங்கத் தொழிலாளியின் மகன்: லுத்தர் தம் தகப்பனாரை நினைவுகூர்ந்த வரலாறு

திருச்சபைப் பெரியோரின் ஊழியத்தை நாம் ஆராய்கிற அளவிற்கு, அவர்களைப் பெற்று வளர்த்தவர்களின் உழைப்பை ஆராய்வதில்லை. மார்ட்டின் லுத்தரோ தம் பெற்றோரைக் குறித்து அடிக்கடி பேசியவர். தாம் குடியானவரின் மகன் என்றும், தம் முன்னோர் உழவர் என்றும், தம் தகப்பனார் இளமையில் ஏழைச் சுரங்கத் தொழிலாளியாய் இருந்தார் என்றும், தாயார் விறகைத் தம் முதுகிலே சுமந்து வந்தார் என்றும் அவர் கூறினார். இக்கூற்றுகளைக் கொண்டு, வறிய குடிலில் வளர்ந்த சீர்திருத்தத் தந்தை என்னும் சித்திரம் பல நூல்களில் நிலைபெற்றுவிட்டது. ஊர்ப் பதிவேடுகளும் அகழாய்வும் காட்டும் சித்திரம் சற்று வேறானது. மகனின் நினைவையும் வரலாற்றின் சான்றையும் எவ்வாறு ஒருங்கே வைத்து வாசிப்பது என்பதே இங்கு நம் ஆராய்ச்சிக்குரிய பொருள்.

குடும்பத்தின் வேர்

தகப்பனாரின் பெயர் ஹான்ஸ் லூடர். லூடர் என்னும் குடும்பப் பெயரை லுத்தர் என எழுதும் வழக்கத்தை மகனே 1517ஆம் ஆண்டளவில் மேற்கொண்டார். ஜெர்மனியின் துரிங்கியா நாட்டில், ஐசனாக் நகருக்குத் தெற்கேயுள்ள மோரா என்னும் சிற்றூரே ஹான்ஸின் பூர்வீகம். அப்பகுதியின் வழக்கப்படி குடும்ப நிலம் இளைய மகனுக்கே சேரும். ஆகவே மூத்தவராகிய ஹான்ஸ் பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுப் புறப்பட நேர்ந்தது. அவருடைய மனைவி மார்கரெத்தா, ஐசனாக் நகரின் லிண்டமன் என்னும் நகரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அக்குடும்பத்தில் கல்வி பயின்றவரும் இருந்தனர். இவ்வாறு தந்தைவழியில் நிலத்தின் உழைப்பும் தாய்வழியில் நகரத்தின் கல்வியும் அவ்வீட்டில் கூடின.

1483 நவம்பர் 10ஆம் நாள் ஐஸ்லேபனில் மார்ட்டின் பிறந்தார். மறு ஆண்டிலேயே குடும்பம் மான்ஸ்பெல்டு ஊருக்குக் குடிபெயர்ந்தது.

தகப்பனாரின் தொழில்

மான்ஸ்பெல்டு நாட்டின் செல்வம் பூமிக்கு அடியில் இருந்தது. செம்பும் சிறிது வெள்ளியும் கலந்த கரும்பாறை அங்கு மெல்லிய அடுக்காகப் படிந்துள்ளது. அடுக்கின் கனம் இரண்டு சாண் அளவே ஆதலால், தொழிலாளர் ஒருக்களித்துப் படுத்தவாறே பாறையை உடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. தோண்டிய தாதுவை உலைகளில் உருக்கிச் செம்பைப் பிரித்தனர். அச்செம்பிலிருந்து ஈயத்தின் துணையால் வெள்ளியைப் பிரித்தெடுத்தனர். சுரங்க உரிமை மான்ஸ்பெல்டு கோமகன்களுக்குரியது. உலைகள் சில பரம்பரை உரிமையாகவும், சில குறித்த காலக் குத்தகையாகவும் நடத்தப்பட்டன. ஹான்ஸ் குத்தகைக்கு உலை எடுத்து நடத்தியவர்.

இத்தொழிலுக்குப் பெரும் முதல் தேவை. வெளியூர் வணிகரிடம் முன்பணம் பெற்று, செம்பைக் கொடுத்து அதைத் தீர்ப்பதே வழக்கம். மனைவியின் உறவினர் ஆதரவு ஹான்ஸுக்குத் துணையாய் இருந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அவரது நிலையும் உயர்ந்தது: 1491ஆம் ஆண்டில் நகர மக்களின் பிரதிநிதிகளாகிய நால்வருள் ஒருவராக அவர் காணப்படுகிறார். மான்ஸ்பெல்டில் அவர் குடியிருந்த வீட்டருகே 2003ஆம் ஆண்டு அகழப்பட்ட குழியிலிருந்து உணவு விலங்குகளின் எலும்புகளும், வெள்ளி நாணயங்களும், ஆடையணிகளின் பாகங்களும், சிறுவர் விளையாடிய களிமண் கோலிகளும் கிடைத்தன. வறியவர் வீட்டுக் குப்பை அல்ல இது.

அப்படியாயின் லுத்தர் பொய்யுரைத்தாரா? இல்லை. தகப்பனார் இளமையில் ஏழையாய் இருந்தார் என்றே அவர் சொன்னார். தொடக்க ஆண்டுகளின் கடினத்தை அவர் நினைவு காத்தது. பிற்கால வசதியைப் பதிவேடு காத்தது. ஆயினும் அவ்வசதி உறுதியான அஸ்திவாரத்தின்மேல் நிற்கவில்லை. உலைக் குத்தகைக்காரர் பலரைப்போல ஹான்ஸும் முதுமையில் கடன்பட்டிருந்தார்.

தகப்பனும் மகனும்

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பொருளைக்கொண்டு ஹான்ஸ் தம் மகனை 1501இல் எர்பர்ட் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். மகன் சட்டம் பயின்று குடும்பத்தைத் தாங்குவான் என்பது அவரது நம்பிக்கை. 1505 ஜூலை 2ஆம் நாள் ஸ்டாட்டர்ன்ஹைம் அருகே இடிமின்னலில் அகப்பட்ட மார்ட்டின், துறவியாவதாகப் பொருத்தனை பண்ணினார். அவ்வேளையில் அவர் கூப்பிட்டது பரிசுத்த அன்னாளை. அன்னாள் சுரங்கத் தொழிலாளரின் காவல் புனிதையாகப் போற்றப்பட்டவர். தகப்பனாரின் தொழிலை விட்டு விலகும் பொருத்தனையிலும் அத்தொழிலாளரின் பக்தியே நாவில் வந்தது என்பது கவனிக்கத்தக்கது.

ஹான்ஸ் கடுங்கோபங்கொண்டார். 1507 மே 2ஆம் நாள் மகன் முதன்முறை திருப்பலி நிறைவேற்றியபோது, அவர் இருபது குதிரைவீரருடன் வந்து மடத்திற்கு இருபது குல்டன் காணிக்கையும் அளித்தார். ஆயினும் விருந்தின்போது, தாய்தகப்பனைக் கனம்பண்ண வேண்டுமென்ற கட்டளையை மகன் கேட்டதில்லையோ என்று வெளிப்படையாகவே வினவினார். அவ்வினா மகனின் உள்ளத்தில் நெடுங்காலம் தைத்திருந்தது.

பதினான்கு ஆண்டுகளுக்குப்பின், வார்ட்பர்க் கோட்டையில் மறைந்திருந்த லுத்தர், துறவறப் பொருத்தனைகளைக் குறித்து எழுதிய நூலைத் தம் தகப்பனாருக்கே காணிக்கையாக்கினார். 1521 நவம்பர் 21ஆம் தேதியிட்ட அம்முன்னுரைக் கடிதத்தில், அன்று தகப்பனார் எடுத்துக்காட்டிய கட்டளையே சரியானது என ஒப்புக்கொள்கிறார். அதேவேளையில், தகப்பனாரின் அதிகாரத்திற்கு மேலாகக் கிறிஸ்துவின் அதிகாரம் தம்மேல் உண்டென்றும் உரைக்கிறார். தகப்பனைக் கனம்பண்ணுவதும் தகப்பனைத் தேவனாக்காதிருப்பதும் அக்கடிதத்தில் ஒருங்கே நிற்கின்றன. 1529இல் வெளிவந்த பெரிய ஞானோபதேசத்தில், பிள்ளையின் எளிய கீழ்ப்படிதல் துறவியரின் கடுந்தவத்தினும் மேலானது என அவர் போதித்ததற்கு இந்த அனுபவமும் பின்னணியாயிற்று எனலாம்.

கோபர்க் கோட்டையில்

1530 பிப்ரவரியில் தகப்பனாரின் நோயைக் கேள்விப்பட்ட லுத்தர், வழியில் ஆபத்து மிகுந்திருந்தமையால் நேரில் செல்ல இயலாமல் ஆறுதல் கடிதம் எழுதினார். பெற்றோரை விட்டன்பர்குக்கு அழைத்துவரவும் விரும்பினார், அது கைகூடவில்லை. மே 29ஆம் நாள் ஹான்ஸ் மரித்தார். அரச தண்டனைக்குட்பட்டிருந்ததால் ஆக்ஸ்பர்க் மாமன்றத்திற்குச் செல்லக்கூடாமல் கோபர்க் கோட்டையில் தங்கியிருந்த லுத்தருக்கு ஜூன் 5ஆம் நாள் செய்தி எட்டியது. சங்கீத புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் சென்று அழுதார் என, உடனிருந்த வைட் டீட்ரிக் எழுதியுள்ளார். அன்றே மெலாங்தனுக்கு எழுதிய கடிதத்தில், தகப்பனாரின் வியர்வையினாலேயே சிருஷ்டிகர் தம்மை வளர்த்து உருவாக்கினார் என்றும், இனித் தம் குடும்பப் பெயரைத் தாங்கும் மூத்தோர் வரிசையில் தாம் நிற்பதாகவும் குறிப்பிட்டார்.

தகப்பனாரின் தொழில் மகனை இறுதிவரை விடவில்லை. மான்ஸ்பெல்டு கோமகன்கள் உலைகளைத் தம்வசப்படுத்த முற்பட்டபோது லுத்தரின் உறவினரும் பாதிக்கப்பட்டனர். அக்கோமகன்களிடையே நேர்ந்த வழக்குகளைத் தீர்த்துவைக்கச் சென்ற பயணத்திலேதான், 1546 பிப்ரவரி 18ஆம் நாள், பிறந்த ஊராகிய ஐஸ்லேபனில் அவர் மரித்தார்.

நாம் கற்பது

முதலாவது, நம் முன்னோரின் ஏழ்மையைச் சாட்சியாகச் சொல்லும்போது அதைப் பெருக்கிச் சொல்லலாகாது. அவர்களுடைய வசதியையும் கடனையும் மறைக்கலாகாது. உள்ளபடி சொல்வதே அவர்களுக்குச் செலுத்தும் கனம். இரண்டாவது, நம் கல்விக்கும் நம் அங்கிக்கும் பின்னால் ஒருவருடைய கையின் பாடு இருக்கிறது. அது வயலாயினும், தறியாயினும், கடலாயினும், தேவன் நம்மைப் போஷித்த வழி அதுவே. மூன்றாவது, ஊழிய அழைப்பும் தகப்பனின் விருப்பமும் மோதும் வீடுகள் இன்றும் உண்டு. அவ்வீடுகளைச் சந்திக்கும் போதகர், கோபங்கொள்ளும் தகப்பனை அவிசுவாசி என்று எளிதில் தீர்த்துவிடலாகாது. ஹான்ஸ் கேட்ட கேள்வியில் சத்தியம் இருந்தது. அதை உணர்ந்துகொள்ள லுத்தருக்கே பதினான்கு ஆண்டுகள் சென்றன.

1527இல் லூக்காஸ் கிரானாக் தீட்டிய ஹான்ஸ், மார்கரெத்தா ஓவியங்கள் வார்ட்பர்க் கோட்டையில் உள்ளன. முகத்தில் சுருக்கம் விழுந்த, அலங்காரமற்ற இரு முதியோர் அவர்கள். சீர்திருத்தத்தின் வரலாற்றைக் கற்பிப்போர் அவ்வோவியங்களையும் மாணவர்முன் வைப்பது நலம்.