ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான நீண்டகால மருந்துச் சிகிச்சை

ஃபைப்ரோமயால்ஜியாவுக்கான நீண்டகால மருந்துச் சிகிச்சை என்பது, உடல் முழுவதும் பரவிய நாட்பட்ட வலியை உண்டாக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்னும் நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பதற்காக மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ மருந்து உட்கொள்வதைக் குறிக்கும். இம்மருந்துகள் நோயைக் குணப்படுத்துவதில்லை. நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு வலியைக் குறைத்து உறக்கத்தைச் சீராக்குகின்றன. எனவே எந்த மருந்தைத் தொடங்குவது என்பதைப் போலவே, அதை எவ்வளவு காலம் தொடர்வது, எப்படி நிறுத்துவது, இடையறாமல் எங்கே பெறுவது என்பனவும் இச்சிகிச்சையின் முக்கியக் கூறுகளாகும். தமிழ்நாட்டின் செஞ்சி போன்ற சிறு நகரங்களில் வாழ்வோருக்கு இவற்றுள் இறுதியானதே பெரும்பாலும் கடினமானது.

பெயரும் வரலாறும்

ஃபைப்ரோமயால்ஜியா என்னும் சொல் நார் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையும், தசை, வலி என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களையும் சேர்த்து உருவாக்கப்பட்டது. தமிழில் இதை நார்த்தசை வலி எனலாம். 1904 இல் பிரித்தானிய மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் இதையொத்த வலிகளை நார்த்திசு அழற்சி என்று பொருள்படும் பெயரால் குறித்தார். திசுக்களில் அழற்சி எதுவும் இல்லை என்பது பின்னர் தெளிவானதால், 1976 இல் ஹென்ச் என்பவர் இன்றைய பெயரை முன்மொழிந்தார். 1990 இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி, மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட பரவலான வலியையும், 18 புள்ளிகளுள் குறைந்தது 11 இல் அழுத்தும்போது நோவு இருப்பதையும் அடையாளங்களாக வகுத்தது. 2010 இல் வெளியான புதிய வரையறை புள்ளிகளை அழுத்திப் பார்க்கும் முறையைக் கைவிட்டு, களைப்பு, உறக்கம், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

நோயின் தன்மை

இந்நோயில் மூட்டுகளோ தசைகளோ சிதைவடைவதில்லை. வலியை உணரும் நரம்பு மண்டலம் மிகைப்பட்ட உணர்திறன் கொண்டதாக மாறிவிடுகிறது எனக் கருதப்படுகிறது. இரத்தச் சோதனையிலோ ஊடுகதிர்ப் படத்திலோ இதைக் கண்டறிய முடியாது. தைராய்டு சுரப்புக் குறைவு, உயிர்ச்சத்து டி குறைபாடு, முடக்குவாதம் போன்றவையும் இதையொத்த வலியைத் தருவதால் அவற்றையும் சோதித்துப் பார்ப்பது வழக்கம்.

பயன்படும் மருந்துகள்

* அமிட்ரிப்டிலின்: உளச்சோர்வுக்கென உருவாக்கப்பட்ட பழைய மருந்து. உளச்சோர்வுக்குத் தரப்படுவதைவிட மிகக் குறைந்த அளவில், பொதுவாக 10 முதல் 25 மி.கி. வரை, இரவில் தரப்படுகிறது. விலை குறைந்தது.
* பிரிகாபலின்: வலிப்பு நோய்க்கும் நரம்பு வலிக்கும் பயன்படுவது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகம் ஃபைப்ரோமயால்ஜியாவுக்கென ஏற்பளித்த முதல் மருந்து இதுவே (2007).
* டுலொக்செட்டின்: 2008 இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. வழக்கமான அளவு நாளொன்றுக்கு 60 மி.கி. ஆகும். 30 மி.கி. அளவில் தொடங்கப்படும்.
* மில்நாசிப்ரான்: 2009 இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்றது.
* சைக்ளோபென்சாப்ரின்: நாவின் அடியில் வைத்துக் கரைக்கும் வடிவம் 2025 ஆகத்து மாதத்தில் அமெரிக்காவில் ஏற்பு பெற்றது.

ஐரோப்பிய மருந்து முகமை 2008, 2009 ஆம் ஆண்டுகளில் டுலொக்செட்டின், மில்நாசிப்ரான், பிரிகாபலின் ஆகிய மூன்றுக்கும் இந்நோய்க்கான ஏற்பை மறுத்தது. கிடைக்கும் பயன் சிறிதென்பதும் நீண்டகாலப் பயனுக்குப் போதிய சான்றில்லை என்பதும் மறுப்புக்கான காரணங்களுள் அடங்கும்.

இவற்றுள் சில உளச்சோர்வு நீக்கி மருந்துகள் என்பதால், தமக்கு மனநோய் இருப்பதாக மருத்துவர் கருதுகிறார் என எண்ணிச் சிலர் மருந்தைக் கைவிடுகின்றனர். மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வலியைத் தணிக்கும் நரம்புப் பாதைகள் செரோட்டோனின், நோர்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்களைக் கொண்டே இயங்குகின்றன. அவற்றின் அளவை உயர்த்துவதன் மூலம், உளச்சோர்வு இல்லாதவரிடத்தும் இம்மருந்துகள் வலியைக் குறைக்கின்றன.

பயன்தராத மருந்துகள்

அழற்சி இல்லாத நோயாகையால் இசுட்டீராய்டு மருந்துகள் பயன் தருவதில்லை. இப்யூபுரோபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சென் போன்ற வலி நீக்கிகளும் பெரும்பாலும் உதவுவதில்லை. 1986 இல் வெளியான ஓர் ஆய்வில் அமிட்ரிப்டிலின் உட்கொண்டவர்கள் முன்னேற்றம் கண்டனர். நாப்ராக்சென் மட்டும் உட்கொண்டவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இத்தகைய வலி நீக்கிகளை ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் இரைப்பைப் புண், குருதிக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை ஏற்படலாம். இசுட்டீராய்டு ஊசியை அடிக்கடி போட்டுக்கொள்வது நீரிழிவு, எலும்பு மெலிவு, அண்ணீரகச் சுரப்புக் குறைவு ஆகியவற்றுக்கு இடமளிக்கும். பிற மூட்டு நோய்களும் உடனிருப்பவர்களுக்கு இம்மருந்துகள் தேவைப்படலாம்.

அபின் வகை மருந்துகள் பழக்க அடிமைத்தனத்துக்கு இட்டுச் செல்வதால் பரிந்துரைக்கப்படுவதில்லை. அவற்றுள் வலுக்குறைந்த டிரமடால் மட்டும் சிலருக்குத் தரப்படுகிறது. இந்தியாவில் 2018 ஏப்ரல் மாதத்தில் டிரமடால் போதைப்பொருள் மற்றும் உளவயப்படுத்தும் பொருள்கள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டது.

நீண்டகாலப் பயன் பற்றிய ஆய்வுகள்

பெரும்பாலான ஆய்வுகள் மூன்று மாதங்களுக்கு உட்பட்டவை. ஆண்டுக்கணக்கில் மருந்து உட்கொள்வோருக்கு அவற்றின் முடிவுகள் அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. பிரிகாபலின் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வின்படி (2016), நாளொன்றுக்கு 300 முதல் 600 மி.கி. உட்கொண்டவர்களுள் 100 பேருக்கு 22 முதல் 24 பேரின் வலி பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தது. வெற்று மாத்திரை உட்கொண்டவர்களுள் இது 14 பேராக இருந்தது.

1994 இல் வெளியான ஆறு மாத ஆய்வொன்றில், அமிட்ரிப்டிலின் முதல் மாத முடிவில் வெற்று மாத்திரையைவிடச் சிறந்து விளங்கியது. ஆறாம் மாத முடிவில் அவ்வேறுபாடு காணப்படவில்லை. மாறாக 2008 இல் வெளியான மற்றோர் ஆய்வில், பிரிகாபலினால் பயன்பெற்றவர்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் தரப்பட்டன. ஆறு மாதங்களுக்குள் வெற்று மாத்திரைக்கு மாறியவர்களுள் 61 விழுக்காட்டினரும், மருந்தைத் தொடர்ந்தவர்களுள் 32 விழுக்காட்டினரும் பெற்ற பயனை இழந்தனர். தொடக்கத்தில் பயன் காண்போருக்குத் தொடர்வதில் பொருளுண்டு என்பதையும், பயன் காணாதவர் அதே மருந்தைத் தொடர்வது வீண் என்பதையும் இது உணர்த்துகிறது.

பக்க விளைவுகள்

பிரிகாபலின் தலைச்சுற்றல், தூக்கக் கலக்கம், உடல் எடை கூடுதல், கால் வீக்கம் ஆகியவற்றை உண்டாக்கலாம். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். டுலொக்செட்டின் குமட்டல், வியர்வை, இரத்த அழுத்த உயர்வு ஆகியவற்றைத் தரலாம். கல்லீரல் நோயுள்ளவர்கள் அதைத் தவிர்க்க வேண்டும். அமிட்ரிப்டிலின் வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு ஆகியவற்றை உண்டாக்கலாம். இதய நோயாளிகளுக்கும் முதியோருக்கும் அது கவனத்துடன் தரப்படுகிறது. வியர்ப்பதை அது குறைப்பதால், கோடையில் வெட்டவெளியில் உழைப்பவர்களுக்கு உடல் வெப்பம் மிகையாகும் இடர் உண்டு. கருவுற விரும்பும் பெண்கள் மருந்தைத் தொடர்வது பற்றி முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

மருந்தை நிறுத்துதல்

இம்மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் உறக்கமின்மை, குமட்டல், பதற்றம், தலைவலி, மின்னதிர்ச்சி போன்ற உணர்வு ஆகியவை தோன்றலாம். இவற்றை நோய் முற்றியதாகத் தவறாக எண்ணிக்கொள்வதும் உண்டு. ஆகவே அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்த வேண்டும். பிரிகாபலினுக்குக் குறைந்தது ஒரு வாரமும், பல மாதங்கள் உட்கொண்டவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படும். மருந்து தீர்ந்துபோவதும் திடீர் நிறுத்தமே ஆதலால், கையிருப்பு தீர்வதற்கு ஒரு வாரம் முன்னரே அடுத்த மாத்திரைகளைப் பெற்றுக்கொள்வது நல்லது.

செஞ்சி வட்டாரத்தில் சிகிச்சை

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சி, கோட்டையால் அறியப்பட்ட நகரமாகும். சுற்றிலும் நெல்லும் மணிலாவும் விளையும் ஊர்கள் உள்ளன. நாற்று நடவு, களையெடுப்பு போன்ற குனிந்து செய்யும் வேலைகளால் உடல்வலி பொதுவானது என்பதால், ஃபைப்ரோமயால்ஜியாவைத் தனியொரு நோயாக இனங்காண்பது எளிதன்று. வேலை இல்லாத நாட்களிலும் நீடிக்கும் வலியும், உறங்கி எழுந்தும் தீராத களைப்பும் அலுப்பிலிருந்து இதை வேறுபடுத்திக் காட்டும்.

நகரில் அரசு மருத்துவமனை உள்ளது. சிறப்பு மருத்துவத்துக்கு முண்டியம்பாக்கத்திலுள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலுள்ள புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் கூலி இழப்பாகும். இதனால் நோய் உறுதிசெய்யப்பட்டு மருந்தின் அளவு நிலைப்பட்ட பின், அதே சீட்டைக் கொண்டு அருகிலுள்ள மருத்துவரிடம் தொடர முடிகிறதா என்பதே சிகிச்சை நீடிப்பதைத் தீர்மானிக்கிறது. சிறப்பு மருத்துவரின் குறிப்பில் மருந்தின் வேதிப்பெயர், அளவு, மறுபரிசீலனை நாள் ஆகியவை இருந்தால் அது எளிதாகும்.

2021 ஆகத்து 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மாத்திரை வழங்கல் முதன்மையாக இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கானது. எனினும் வீட்டிலேயே இயன்முறை மருத்துவம் தருவதும் அதில் இடம்பெற்றது. பொதுப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலையில் விற்கும் மக்கள் மருந்தகங்கள் 2008 முதலும், முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி முதலும் திறக்கப்பட்டன. தனியார் கடைகளில் பிரிகாபலின் பெரும்பாலும் மெத்தில்கோபாலமின் என்னும் உயிர்ச்சத்துடன் சேர்ந்த மாத்திரையாக விற்கப்படுகிறது. இச்சேர்க்கை ஃபைப்ரோமயால்ஜியாவில் கூடுதல் பயன் தருவதற்குப் போதிய சான்றில்லை.

மருந்தில்லா முறைகள்

2016 இல் வகுக்கப்பட்ட ஐரோப்பிய வாதநோய் எதிர்ப்புக் கழகத்தின் பரிந்துரைகளில், வலுவான ஆதரவு பெற்ற ஒரே சிகிச்சை உடற்பயிற்சியாகும். நடை, நீச்சல், தசைவலுப் பயிற்சி ஆகியவற்றைச் சிறிதாகத் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். வயல் வேலை பயிற்சிக்கு மாற்றாகாது. அது ஒரே தசைகளை மீண்டும் மீண்டும் வருத்துவது. உடலால் இயன்ற அளவு நடக்கவும் உறங்கவும் நோயாளிக்கு இடமளிப்பதே மருந்தின் முதன்மைப் பணி எனலாம். இரண்டிலும் முன்னேற்றம் இல்லையெனில் அம்மருந்தைத் தொடர்வது பற்றி மருத்துவருடன் மறுபடியும் ஆராய வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* நாட்பட்ட வலி
* முடக்குவாதம்
* உளச்சோர்வு
* இயன்முறை மருத்துவம்
* செஞ்சி