மாத்தளைக் காய்ச்சலும் குருதியின் மரபும்

மாத்தளை மாவட்டத்தின் தெற்கு, மலையும் மழையும் நிறைந்தது. வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பக்கம் குளங்களை நம்பி வாழும் உலர்வலயம். அந்த வடபகுதி நெடுங்காலம் மலேரியாவின் பிடியில் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் மன்னாரில் கரையிறங்கிய தமிழ்நாட்டுத் தொழிலாளர், கோப்பித் தோட்டங்களுக்காகத் தம்புள்ளைக் காடுகளின் ஊடே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர். அவர்களுக்கு நடுகல்கூட இல்லை.

1934இல் பருவமழை பொய்த்தது. ஓடும் ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு பெருகியது. 1934-35 கொள்ளைக்காய்ச்சலில் இலங்கை முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மாத்தளையின் மேற்கு எல்லையிலுள்ள குருநாகல், மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று.

இத்தகைய காய்ச்சல் மனிதக் குருதியிலும் தடம் பதிக்கிறது. ஈமோகுளோபினைக் குறைக்கும் பரம்பரை நோய் தலசீமியா. அதன் மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்போருக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு என்ற கருத்தை 1949இல் மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் முன்வைத்தார். காய்ச்சல் நிலங்களில் அந்த மரபணு தலைமுறை தலைமுறையாக ஏன் நிலைத்தது என்பதற்கு இன்றுவரை வலுவான விளக்கம் இதுவே.

அந்த மரபணுவிலுள்ள மாற்றம் எப்படிக் கேடு செய்கிறது என்பது தெரிய மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.யில் வேண்டாத இடைப்பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு, மிச்சம் ஒட்டப்படுகிறது என்பது 1977இல்தான் கண்டறியப்பட்டது. ஈமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இடைப்பகுதி 130 டி.என்.ஏ. எழுத்து நீளம். அதன் முதல் எழுத்து ‘ஜி’, ‘ஏ’ ஆனால் முறையான வெட்டிடம் அழிந்துவிடும். ஐந்தாம் எழுத்து ‘ஜி’, ‘சி’ ஆனால் வெட்டிடம் நலிகிறது. அருகே மறைந்துகிடக்கும் போலி வெட்டிடங்கள் விழித்துக்கொள்கின்றன. தவறாக வெட்டப்பட்ட ஆர்.என்.ஏ. பயன்படாது, குளோபின் குறைகிறது. இவ்விரு மாற்றங்களும் இலங்கை நோயாளரிடம் பரவலாகக் காணப்படுபவை.

ஈமோகுளோபின் ஈ என்னும் மாறிய வகை இன்னும் நுட்பமானது. இலங்கையின் வேடர் சமூகத்தில் இது மிகுதி என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே தெரிந்திருந்தது. புரதத்தின் 26ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறுவதுதான் இது என்று கருதப்பட்டது. 1982இல் ஸ்டூவர்ட் ஆர்க்கினின் குழு, அதே எழுத்து மாற்றம் ஒரு போலி வெட்டிடத்தையும் தூண்டுகிறது என்று காட்டியது. ஒரே எழுத்து புரதத்தின் தன்மையையும் அளவையும் சேர்த்தே கெடுக்கிறது.

2000இல் வெளியான இலங்கை ஆய்வு 23 வகைப் பீட்டா தலசீமியா மாற்றங்களைப் பதிவுசெய்தது. எதிர்காலத்தில் எந்த வேளையிலும் 2,000க்கு மேற்பட்டோர்க்குச் சிகிச்சை தேவைப்படும் என்றும், அவர்களுள் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஈமோகுளோபின் ஈயும் தலசீமியாவும் சேர்ந்தவர்களாக இருப்பர் என்றும் அது கணித்தது. ஒரே மாற்றங்கள் கொண்ட இருவரில் ஒருவர் மாதந்தோறும் குருதி ஏற்ற, மற்றவர் அதன்றியே வாழ்வதும் உண்டு. பிறந்தபின் அடங்க வேண்டிய கரு ஈமோகுளோபின் சிலரிடம் கூடுதலாக நீடிப்பது ஒரு காரணம். அதை அடக்கும் பி.சி.எல்.11ஏ மரபணுவிலுள்ள வேறுபாடுகளுக்கும் அதில் பங்குண்டு.

இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டம்பரில் சான்றளித்தது. காய்ச்சல் போய்விட்டது, மரபணு போகவில்லை. தலசீமியா மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு கருவிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவினர் இருவருமே அதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சொந்தத்துக்குள் மணமுடிக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள், திருமணத்துக்கு முன் குருதிப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.