வீடு எப்போது பணியிடமாகும்? கே.கே. நகரின் வீட்டுப் பணிப்பெண்கள்

சென்னை கே.கே. நகரில் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக் கழகத்தின் (இ.எஸ்.ஐ.) மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்கி வருகிறது. அதைச் சுற்றியுள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பாத்திரம் துலக்கி, சமைத்து, முதியோரைப் பராமரிக்கும் பெண்கள், தங்கள் உழைப்பின் பேரில் அங்கு காப்பீட்டாளராகச் சிகிச்சை பெற முடியாது. தொழிற்சாலைகளும், பத்துப் பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்களுமே அத்திட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. வீடு நிறுவனமாகக் கருதப்படுவதில்லை.

இத்திட்டத்துக்கு அடித்தளமிட்ட பி.பி. அதார்க்கர் அறிக்கை 1944-இல் அளிக்கப்பட்டது. அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948-இல் சட்டம் நிறைவேறியது. தலித் பெண்கள் பெருமளவில் ஈடுபட்டுள்ள வீட்டுவேலை இன்றும் அதன் வாசலுக்கு வெளியே நிற்கிறது.

பெண்களின் உழைப்புப் பங்கேற்பு உயர்ந்துவருவதாக அரசு கூறுகிறது. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களின் பங்கேற்பு 2017-18-இல் 23.3 விழுக்காடாக இருந்து, 2023-24-இல் 41.7 விழுக்காடாயிற்று. ஆனால் நகர்ப்புறத்தில் அது 28 விழுக்காடே. ஒரு பெண் தன் வீட்டில் சமைத்தால், உழைப்புப் படைக்கு வெளியே இருப்பவராகக் கணக்கிடப்படுகிறார். அதே வேலையை அடுத்த வீட்டில் கூலிக்குச் செய்தால் தொழிலாளியாகிறார். ஆனால் தொழிலாளிக்குரிய பாதுகாப்புகள் பெரும்பாலும் அவரைச் சேர்வதில்லை. சொந்த வீட்டில் மதிப்பிடப்படாத வேலை, பிறர் வீட்டிலும் மலிவாகவே விலைபோகிறது.

இம்மலிவுக்குச் சாதியும் காரணம். தூய்மை செய்யும் வேலை இழிவானது என்ற கருத்து சாதியமைப்பின் விளைவு. தனிக் குவளை, கழிப்பறையைப் பயன்படுத்தத் தடை போன்றவை அக்கருத்தின் நகர்ப்புற வடிவங்கள். சமையலறைக்குள் யாரை அனுமதிப்பது, யாரைக் கழிவறையோடு நிறுத்துவது என்பதைச் சாதி தீர்மானிக்கும்போது, கூலியும் அதற்கேற்பவே பிரிகிறது.

வசிப்பிடமும் வேலையைப் பறிக்கிறது. 2015 பெருவெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவும் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. நடந்துசென்று காலையில் இரண்டு, மூன்று வீடுகளில் வேலை செய்தவருக்குப் பேருந்துப் பயணமே பல மணி நேரத்தை விழுங்குகிறது. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பெரும் உதவிதான். இழந்த நேரத்தை அது மீட்டுத் தராது.

சட்டங்கள் அறவே இல்லை என்று கூற இயலாது. தமிழ்நாட்டில் 2007-இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் அமைந்தது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடமாக ஏற்கிறது. பாதிக்கப்பட்டவர் மாவட்ட உள்ளூர்க் குழுவில் முறையிடலாம். வீட்டுப் பணியாளருக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கைக்கு 2011-இல் ஆதரவாக வாக்களித்த இந்தியா, அதற்கு இன்னும் பின்னேற்பு அளிக்கவில்லை.

பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வீட்டைப் பணியிடமாக ஏற்ற அரசு, ஊதியம், வார விடுப்பு, மகப்பேறு, மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கும் அதை அவ்வாறே ஏற்க வேண்டும். வேலை கொடுப்போர் பதிவுசெய்து பங்களிக்கும் முறையே அதற்கான முதற்படி. நல வாரிய உதவி அரசின் கருணையாக நின்றுவிடக்கூடும். ஈட்டுறுதியோ உழைத்தவரின் உரிமை.