ஆற்றிலிருந்து இறைத்த உஷ்ணம்

ஸ்விட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் லிம்மாத் நதியின்மீது எழுந்து நிற்கும், 1698-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பழைய சபா மண்டபத்தில், நெடுங்காலம் எரிந்துவந்த விறகு அடுப்புகளுக்குப் பதிலாக, பக்கத்தில் ஓடும் நதிநீரிலிருந்தே உஷ்ணத்தை எடுத்து அறைகளுக்கு அனுப்பும் யந்திரம் ஒன்றை, 1938-இல் அந்நகரத்து எஷர் வீஸ் கம்பெனியார் நிறுவினர். கை வைத்தால் விறைத்துப்போகும் நீரைக் கொண்டு குழாய்களில் ஏறக்குறைய 60 டிகிரிச் சூட்டை ஓடச் செய்த அந்த யந்திரம், அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. ஐரோப்பிய அரசாங்கங்கள் இன்று வருங்காலச் சாதனம் என்று பரிந்துரைக்கும் வெப்பப் பம்பு இதுவே.

தாழ்ந்த உஷ்ணத்திலேயே கொதித்து ஆவியாகும் ஒரு திரவம் நதியின் சூட்டைப் பருகி வாயுவாகிறது. அவ்வாயுவை யந்திரம் அமுக்கச் சூடேறி, அச்சூட்டைக் குழாய்நீருக்கு ஈந்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. ஏற்றம் இறைப்பவன் நீரை உண்டாக்குவதில்லை, ஆழத்தில் கிடப்பதை மேலே கொணர்வதே அவன் உழைப்பு. அதுபோலவே மின்சக்தி இங்கே உஷ்ணத்தை இடம் மாற்றுகிறது, கிணறு ஆழமாக ஆழமாக உழைப்புப் பெருகுவதுபோல் வெளிக்குளிருக்கும் வேண்டிய சூட்டுக்கும் இடைவெளி கூடக் கூடச் செலவும் ஏறுகிறது.

இந்தத் தத்துவம் ஜூரிச்சுக்கு வெகுகாலம் முந்தியது. பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்சன், கட்டடங்களை இம்முறையில் சூடாக்கலாம் என்று 1852-லேயே எழுதினார். ஆஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர், எபென்ஸே உப்பளத்தில் உப்புநீர் கக்கிய ஆவியையே அமுக்கி, மறுபடியும் அந்நீரைக் காய்ச்ச முயன்றார். ஆயினும் நிலக்கரி மலிவாகக் கிடைத்த தேசங்களில் இதை நாடுவார் இல்லை. நிலக்கரி வளம் அற்றதும், மலையருவிகளின் மின்சக்தி நிறைந்ததுமான ஸ்விட்சர்லாந்து, யுத்தம் நெருங்கிய வேளையில் இதனைக் கைக்கொண்டதில் வியப்பில்லை. இங்கிலாந்தின் நாரிச் நகரிலும், மின்சார இலாகா எஞ்ஜினீயரான ஜான் சம்னர், யுத்தகாலத் தட்டுப்பாட்டினிடையே கிடைத்த பழைய உறுப்புகளைச் சேர்த்து, 1945-இல் வென்சம் நதியின் உஷ்ணத்தால் தம் அலுவலகக் கட்டடத்தைச் சூடாக்கினார். செலவிட்ட மின்சக்தியைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகமான உஷ்ணம் கிட்டியது. பிறகு எண்ணெய் மலிந்தது, யந்திரம் மறக்கப்பட்டது. 1973-இல் எண்ணெய் விலை ஏறியதும், ஸ்வீடன் முதலிய நாடுகள் அதை மீண்டும் தேடிச் சென்றன.

குறைகளும் இல்லாமல் இல்லை. ஜூரிச் யந்திரத்தில் ஓடிய ஆர்-12 என்னும் வாயுவே, ஓஸோன் படலத்தைச் சிதைப்பதாகப் பின்னர்த் தெரிந்து, 1987-ஆம் வருஷத்து மாண்ட்ரியல் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தப்பட்டது. சுவரிலும் கூரையிலும் உஷ்ணம் கசியும் பழைய வீடுகளில் குழாய்நீரை அதிகமாகச் சுடவைக்க நேர்வதால், யந்திரத்தின் ஆதாயம் பெரிதும் குன்றிவிடும். அதற்கூட்டும் மின்சாரம் நிலக்கரியில் பிறந்ததாயின், புகை ஊருக்கு வெளியே இடம் மாறியதன்றி ஒழிந்துவிட்டதாகாது.

இதுகாறும் இந்த யந்திரத்தை அழைத்து வந்தது எரிபொருட் பஞ்சமே. பஞ்சம் நீங்கியதும் அது புறக்கணிக்கப்பட்டது. இன்றோ எரிபொருள் இருக்கிறது, அதன் புகையைத் தாங்கும் சக்திதான் ஆகாயத்துக்கு இல்லை. ஆகவே கையிலிருக்கும் மலிவான பொருளை வேண்டாம் என்று விலக்கும் துணிவை, சந்தை விலை அல்ல, சட்டமும் வரியும் பொதுஜன அபிப்பிராயமுமே இம்முறை உண்டாக்கியாக வேண்டும்.