மார்கழி இசைவிழா ஒலி, ஒளிபரப்புகள்

மார்கழி இசைவிழா ஒலி, ஒளிபரப்புகள் என்பன, சென்னையில் ஆண்டுதோறும் டிசம்பர், சனவரி மாதங்களில் நடைபெறும் கருநாடக இசைக் கச்சேரிகளை, அரங்கிற்கு வர இயலாதவர்கள் வீட்டிலிருந்தே கேட்கவும் பார்க்கவும் வழி செய்யும் வானொலி, தொலைக்காட்சி, இணைய நிகழ்ச்சிகள் ஆகும். கிராமபோன் இசைத்தட்டில் தொடங்கிய இவ்வழக்கம் வானொலி, ஒலிநாடா, தொலைக்காட்சி, செயற்கைக்கோள் வானொலி, இணையம் எனப் பல ஊடகங்களைக் கடந்து வந்துள்ளது. கொரோனாத் தொற்றுக் காரணமாக 2020 ஆம் ஆண்டில் விழாவின் பெரும்பகுதி இணையவழியிலேயே நடைபெற்றது.

பின்னணி

1927 டிசம்பரில் சென்னையில் இந்திய தேசியக் காங்கிரசின் மாநாடு கூடியபோது அதனுடன் ஓர் இசை மாநாடும் நடத்தப்பட்டது. அதன் விளைவாக 1928 இல் சென்னை மியூசிக் அகாதெமி தொடங்கப்பட்டது. இந்தியன் பைன் ஆர்ட்சு சொசைட்டி 1932 இலும், தமிழ் இசைச் சங்கம் 1943 இலும் தோன்றின. பின்னர் மேலும் பல சபாக்கள் சேர்ந்து, டிசம்பர் நடுப்பகுதி முதல் சனவரி வரை நகரெங்கும் கச்சேரிகள் நடைபெறும் வழக்கம் நிலைபெற்றது. இசைத்துறையில் சென்னைக்குள்ள இடத்தை ஏற்று, 2017 இல் யுனெசுக்கோ அமைப்பு அந்நகரைத் தனது படைப்பாக்க நகரங்களின் வலையமைப்பில் சேர்த்துக்கொண்டது.

இவ்விழா ஒரே நகரில், அதிலும் மயிலாப்பூர், தியாகராய நகர், ஆழ்வார்ப்பேட்டை போன்ற சில பகுதிகளில் செறிந்து நடைபெறுவதால், பிற ஊர்களில் வாழ்வோருக்கு எளிதில் எட்டுவதில்லை. எடுத்துக்காட்டாக, சவ்வாது மலையின் வடபுறத்தில், வேலூரிலிருந்து ஆரணி செல்லும் சாலையில் அமைந்துள்ள கணியம்பாடியைக் கொள்ளலாம். வேலூரே சென்னையிலிருந்து ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மாலைக் கச்சேரிகள் பெரும்பாலும் இரவு ஒன்பது மணியை ஒட்டி முடிவதால், இத்தகைய ஊரிலிருந்து செல்பவர் இரவுப் பயணம் செய்யவேண்டும் அல்லது நகரில் தங்கவேண்டும். முதியோர், மாற்றுத்திறனாளிகள், நோயாளிகளைப் பராமரிப்போர், இசை பயிலும் சிற்றூர் மாணவர்கள் ஆகியோருக்கு இது பெருந்தடையாகும். ஒலி, ஒளிபரப்புகள் இத்தடையைக் குறைக்கின்றன.

இசைத்தட்டும் இதழ்களும்

வீட்டில் இருந்தபடி இசையைக் கேட்க முதலில் உதவியது கிராமபோன் ஆகும். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே ஓடியது. எனவே இராக ஆலாபனை மிகவும் சுருக்கப்பட்டது. நிரவலும் தனி ஆவர்த்தனமும் பெரும்பாலும் இடம்பெறவில்லை. பின்னர் வந்த நீண்டநேர இசைத்தட்டுகளின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேல் பதிய முடிந்ததால், விரிவான பாடல்களைப் பதிவு செய்ய வழி பிறந்தது.

இதே காலத்தில் அச்சிதழ்களும் விழாவை வீடுகளுக்குக் கொண்டுசென்றன. கல்கி கிருசுணமூர்த்தி 'கர்நாடகம்' என்னும் புனைபெயரில் ஆனந்த விகடனில் எழுதிய இசை விமர்சனங்கள், கச்சேரிக்குச் செல்லாதோரிடையேயும் இசை பற்றிய பேச்சை உருவாக்கின.

வானொலி

சென்னையில் வானொலி ஒலிபரப்பு, 1924 இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தால் தொடங்கப்பட்டது. பணப் பற்றாக்குறையால் அக்கழகம் 1927 இல் சேவையை நிறுத்தியது. 1930 இல் சென்னை மாநகராட்சி ஒலிபரப்பை ஏற்று நடத்தத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16 அன்றும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கப்பட்டன. வானொலி நிலையத்தில் நடைபெற்ற கச்சேரிகளுடன், சபாக் கச்சேரிகள் சிலவும் அரங்கிலிருந்து அஞ்சல் செய்யப்பட்டன.

தமிழில் பாடப்படும் பாடல்களுக்குக் கச்சேரியில் உரிய இடம் வேண்டும் என 1940களில் எழுந்த தமிழிசை இயக்கம், வானொலியையும் நோக்கியே தன் கோரிக்கையை வைத்தது. அரங்கில் பாடப்படுவதைக் கேட்போர் சில நூறு பேர். வானொலியில் ஒலிப்பதைக் கேட்போர் நாடெங்கும் உள்ளோர் என்பதே இதற்குக் காரணம்.

1952 சூலையில் இசைக்கான தேசிய நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. சனிக்கிழமை இரவுகளில் ஒலிபரப்பான இந்நிகழ்ச்சி, இந்துசுத்தானி, கருநாடக இசை ஆகிய இரண்டையும் நாடு முழுவதற்கும் அளித்தது. 1954 இல் தொடங்கிய வானொலி சங்கீத சம்மேளனம், பல நகரங்களில் அழைக்கப்பட்ட அவையினர் முன் நடத்தப்பெறும் கச்சேரிகளைப் பதிவு செய்து பின்னர் ஒலிபரப்பும் முறையைக் கொண்டது. கலைஞர்களைக் குரல், வாத்தியத் தேர்வின் மூலம் தரம் பிரிக்கும் முறையையும் வானொலி பின்பற்றி வருகின்றது.

தைமாதத்தை ஒட்டித் திருவையாற்றில் நடைபெறும் தியாகராச ஆராதனை, சென்னை விழாவின் தொடர்ச்சியாகப் பலராலும் கேட்கப்படுகின்றது. புசுய பகுள பஞ்சமி அன்று காலையில் கலைஞர்கள் ஒன்றுகூடி நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, சிறீ ஆகிய இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவர். இதனை வானொலியும் தொலைக்காட்சியும் நேரடியாக வழங்கி வந்துள்ளன.

மத்திய அலை ஒலிபரப்பு நிலத்தை ஒட்டி நெடுந்தூரம் பரவக்கூடியது. பண்பலை ஒலிபரப்போ பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் மலைகள் குறுக்கிடும் இடங்களில் வலுவிழக்கும். ஆகவே மலையடிவார ஊர்களில் நீண்ட காலம் மத்திய அலையே பயன்பட்டது. கரகரப்பு இருப்பினும், சுருதியும் சொல்லும் தாளமும் கேட்போருக்கு எட்டின.

2016 சனவரி 26 அன்று, முழுநேரமும் மரபிசையை வழங்கும் 'இராகம்' என்னும் அலைவரிசையைப் பெங்களூரிலிருந்து அகில இந்திய வானொலி தொடங்கியது. இது செயற்கைக்கோள் வழியாகவும் இணையத்தின் வழியாகவும் வழங்கப்பட்டதால், மலை மறைக்கும் இடங்களிலும் கேட்க முடிந்தது.

தொலைக்காட்சியும் செயற்கைக்கோள் வானொலியும்

தூர்தர்சனின் சென்னை நிலையம் 1975 ஆகத்து 15 அன்று தொடங்கப்பட்டது. தொலைக்காட்சியின் வரவால் கலைஞரின் முகபாவம், வாத்தியத்தில் விரல்கள் இயங்கும் முறை, தாளம் போடும் கை ஆகியவற்றை வீட்டிலிருப்போரும் காண முடிந்தது. இது வீணை, வயலின், மிருதங்கம் பயிலும் மாணவர்களுக்குச் சிறப்பாகப் பயன்பட்டது. தனியார் அலைவரிசைகளுள் செயா தொலைக்காட்சி 2000களில் 'மார்கழி மகோற்சவம்' என்னும் தொடரை ஒளிபரப்பியது. ஒவ்வொரு கச்சேரியும் ஒரு கருப்பொருளை மையமாகக் கொண்டு அமைக்கப்பட்டது இதன் தனித்தன்மையாகும்.

வேர்ல்டுசுபேசு என்னும் நிறுவனம் செயற்கைக்கோள் வானொலிச் சேவையை வழங்கியது. அதன் 'சுருதி' என்னும் அலைவரிசை கருநாடக இசைக்கெனவே அமைந்தது. இதனைக் கேட்கத் தனிக் கருவியும் சந்தாவும் தேவைப்பட்டன. 2009 டிசம்பர் 31 உடன் இந்தியாவில் அச்சேவை நிறுத்தப்பட்டது. சந்தா செலுத்தியோரின் கருவிகள் அதன்பின் பயனற்றுப் போயின. தனி நிறுவனம் ஒன்றை மட்டும் சார்ந்த ஊடகம் எளிதில் மறையக்கூடும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

ஒலிநாடாவும் இணையமும்

1970, 1980களில் ஒலிநாடாக்கள் பரவியதும், இரசிகர்கள் வானொலிக் கச்சேரிகளை வீட்டிலேயே பதிவு செய்யத் தொடங்கினர். இவ்வாறு சேர்க்கப்பட்ட பதிவுகள் பிற்காலத்தில் எண்ணிம வடிவிற்கு மாற்றப்பட்டன. வணிக நோக்கின்றிக் கச்சேரிப் பதிவுகளைப் பகிரும் சங்கீதப்பிரியா போன்ற இணையத்தளங்கள் இத்தகைய சேகரிப்புகளால் வளர்ந்தன. மறைந்த கலைஞர்கள் பலரின் கச்சேரிகள் இன்று கிடைப்பதற்கு, பெயர் அறியப்படாத இரசிகர்களின் இந்த உழைப்பே பெரிதும் காரணம் எனலாம்.

அகலப்பாட்டை இணைப்புகள் பெருகிய பின்னர் நேரடி இணைய ஒளிபரப்பு நடைமுறைக்கு வந்தது. பரிவாதினி அமைப்பு 2010களில் சிறிய அரங்குகளில் நடைபெறும் கச்சேரிகளையும் இணையத்தில் கட்டணமின்றி வழங்கியது. பெரிய அரங்குகளின் முதன்மை நேரத்தில் இடம் பெறாத இளங்கலைஞர்களும், நாதசுவரக் கலைஞர்களும் இத்தகைய முயற்சிகளால் தொலைவிலுள்ள கேட்போரைப் பெற்றனர்.

2020 ஆம் ஆண்டு இணையவழி விழா

2020 மார்ச்சில் நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டதைத் தொடர்ந்து அரங்குகள் மூடப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் சென்னை நகர சபாக்களின் கூட்டமைப்பு 'யுவர்சு ட்ரூலி மார்கழி' என்னும் பெயரில் இணையவழி விழாவை நடத்தியது. சென்னை மியூசிக் அகாதெமியும் டிசம்பர் இறுதியில் தனது கச்சேரிகளை இணையத்தில் வழங்கியது. இவ்வாறான நிகழ்ச்சிகளில் பல, அவையோர் இல்லாத அரங்கில் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டவையாகும். அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதுகள் 2020, 2021, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து 2022 இல் அறிவிக்கப்பட்டன.

வெவ்வேறு வீடுகளில் இருக்கும் கலைஞர்கள் இணையத்தின் வழி இணைந்து வாசிப்பது கடினமாக இருந்தது. ஓரிடத்தில் எழும் ஒலி மற்றோரிடத்தை அடையச் சிறு காலத்தாழ்வு ஏற்படும். உரையாடலில் பொருட்படுத்தப்படாத இத்தாழ்வு தாளத்தைக் குலைத்துவிடும். ஆகவே ஒருவர் பதிந்து அனுப்ப, மற்றவர் அதைக் கேட்டுத் தம் பகுதியைப் பதிந்து சேர்க்கும் முறை கையாளப்பட்டது. இம்முறையில், பாடகரும் பக்கவாத்தியக் கலைஞரும் மேடையிலேயே ஒருவருக்கொருவர் விடையளிக்கும் மனோதருமம் குறைந்து போனது.

பயன்களும் குறைகளும்

வீட்டிலிருந்து கேட்பதன் முதன்மைப் பயன், இடத்தையும் உடல்நிலையையும் சாராமல் விழாவில் பங்குகொள்ள முடிவதாகும். மாலை 6.30 மணிக்குச் சென்னையில் தொடங்கும் நேரடி ஒளிபரப்பை, யாழ்ப்பாணத்தில் இருப்பவர் அதே நேரத்திலும், சிங்கப்பூரில் இருப்பவர் இரவு 9 மணிக்கும், இலண்டனில் இருப்பவர் பகல் 1 மணிக்கும், நியூயார்க்கில் இருப்பவர் காலை 8 மணிக்கும் காணலாம். பதிவை நிறுத்தி மீண்டும் கேட்க முடிவது மாணவர்களுக்கு உதவும். காலை வேளைகளில் நடைபெறும் செயல்முறை விளக்க உரைகளுக்கு இது மேலும் பொருந்தும்.

இதன் குறைகளாகப் பின்வருவன கூறப்படுகின்றன:

- அவையோரின் தலையசைப்பும் கைத்தட்டலும் கலைஞருக்குக் கிடைப்பதில்லை. எந்த இராகத்தை விரிப்பது, எங்கே நிறுத்துவது என்பதை அவையின் மனநிலையைக் கொண்டு முடிவு செய்யும் வாய்ப்புக் குறைகின்றது.
- கட்டணமின்றிக் கேட்போர் பெருகினும், கலைஞர்களுக்குக் கிடைக்கும் வருவாய் அதே அளவில் உயர்வதில்லை. கச்சேரியை மட்டுமே நம்பி வாழும் பக்கவாத்தியக் கலைஞர்களை இது மிகுதியாகப் பாதிக்கும்.
- நல்ல இணைய இணைப்பு இல்லாத ஊர்கள் மீண்டும் விழாவிற்கு வெளியே நிற்க நேரிடுகின்றது.
- வீட்டு வேலைகளுக்கிடையே கேட்கும்போது நீண்ட ஆலாபனையிலோ பல்லவியிலோ மனம் ஊன்றுவது கடினமாகின்றது.

பதிப்புரிமை

தியாகராசர் (1767–1847) போன்ற பழைய வாக்கேயக்காரர்களின் பாடல்கள் பொதுவுடைமையாகும். ஆனால் அவற்றைப் பாடும் ஒரு குறிப்பிட்ட கச்சேரியின் மீது கலைஞருக்கு உரிமை உண்டு. 1957 ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 இல் செய்யப்பட்ட திருத்தம் இதனை நிகழ்த்துநர் உரிமையாக வகுத்தது. இவ்வுரிமை 50 ஆண்டுகள் நீடிக்கும். பாடல்களைப் பொறுத்தவரை, ஆசிரியர் மறைந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். எனவே 1973 இல் மறைந்த பாபநாசம் சிவனின் ஆக்கங்களுக்கான காலம் 2033 இறுதியில் முடிவடையும். அரங்கிலோ இணையத்திலோ கச்சேரியைப் பதிந்து, கலைஞரின் இசைவின்றி வெளியிடுவது இவ்வுரிமையை மீறுவதாகும்.

கேட்கும் முறை

கைபேசியின் சிறிய ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைச் சரிவர எழுப்புவதில்லை. இதனால் தம்புராவின் மந்தரத் தந்தியும் மிருதங்கத்தின் தொப்பி ஒலியும் மறைந்துவிடுகின்றன. காதணி ஒலிப்பான் அல்லது தனி ஒலிபெருக்கி ஒன்றைப் பயன்படுத்தினால் இக்குறை பெரிதும் நீங்கும்.

நொடிக்கு 128 கிலோபிட்டு அளவிலான ஒலியோடைக்கு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 58 மெகாபைட்டுத் தரவு செலவாகும். இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு 144 மெகாபைட்டு போதுமானது. நொடிக்கு ஒரு மெகாபிட்டு அளவிலான நிகழ்படத்திற்கோ மணிக்கு 450 மெகாபைட்டு செலவாகும். ஆகவே இணைய வேகம் குறைந்த இடங்களில் ஒலியை மட்டும் கேட்பது தடையற்ற கச்சேரியைத் தரும்.

புதிதாகக் கேட்கத் தொடங்குவோர் கச்சேரியின் அமைப்பை அறிந்திருத்தல் நலம். அரியக்குடி இராமானுச ஐயங்காரால் (1890–1967) பரவலாக்கப்பட்ட இவ்வமைப்பில் முதலில் வருணமும், பின்னர் சிறிய கீர்த்தனைகளும், நடுவில் ஆலாபனை, நிரவல், கற்பனைசுவரம், தனி ஆவர்த்தனம் ஆகியவற்றுடன் கூடிய முதன்மை உருப்படியும் இடம்பெறும். இறுதியில் துக்கடாக்கள் பாடப்பட்டு, மங்களத்துடன் கச்சேரி நிறைவுறும். முழுக் கச்சேரியையும் கேட்க நேரமில்லாதவர், முதன்மை உருப்படியைத் தனி ஆவர்த்தனத்துடன் முழுமையாகக் கேட்டால், துண்டு துண்டாகக் கேட்பதைவிட மிகுந்த பயன் பெறுவர்.

இவற்றையும் பார்க்க

- கருநாடக இசை
- சென்னை மியூசிக் அகாதெமி
- தமிழிசை இயக்கம்
- அகில இந்திய வானொலி
- தியாகராச ஆராதனை