முதல் நரம்புக்கு நேரே

நான் வார்டில் பாடம் படித்த காலத்தில், மூளை நரம்புகள் பன்னிரண்டையும் வரிசையாகச் சோதித்து எழுதவேண்டும் என்பார்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் இரண்டாம் நரம்பு தொடங்கிப் பன்னிரண்டு வரை விவரம் இருக்கும். மோப்பத்துக்குரிய முதல் நரம்புக்கு நேரே ‘பார்க்கவில்லை’ என்றிருக்கும். அந்த வழக்கத்தை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

பழைய ஆங்கில மருத்துவப் பாடநூல்கள் கிராம்பு எண்ணெய், புதினா எண்ணெய், பெருங்காயம் என்று சின்னச் சீசாக்களை வைத்துக்கொள்ளச் சொல்லின. நோயாளி கண்ணை மூடி, ஒரு நாசியை விரலால் அடைத்துக்கொண்டு, மற்றதால் முகரவேண்டும். மணம் தெரிகிறதா இல்லையா என்பதை மட்டுமே இதில் அறியலாம். எவ்வளவு தெரிகிறது என்று அளக்க ஒரு கருவி செய்தவர் டச்சுக்காரரான ஹென்ட்ரிக் ஸ்வார்டமாக்கர். 1888இல் அவர் அமைத்த கருவியில் அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயின் ஒரு முனை வளைந்து நாசிக்குள் போகும். மறுமுனையின் மேல் மணமுள்ள ஓர் உருளை செருகியிருக்கும். உருளையை வெளிப்பக்கம் இழுக்க இழுக்க, அதன் உட்புறம் கூடுதலாகக் காற்றில் படும், மணம் கூடும். எந்தக் கோட்டில் நோயாளிக்கு முதன்முதலில் மணம் தட்டுகிறதோ, அதுவே அவருடைய அளவு.

ஒவ்வொரு நாசியையும் தனித்தனியே பார்ப்பது வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் ஃபாஸ்டர் கென்னடி 1911இல் எழுதியதைப் படிக்கவேண்டும். மூளையின் முன்மடலுக்கு அடியில் வளரும் கட்டி, அந்தப் பக்கத்துப் பார்வை நரம்பை நசுக்குவதோடு, மோப்பத்தையும் அழிக்கக்கூடும். ஸ்கேன் இல்லாத அந்த நாளில் கட்டி எந்தப் பக்கம் என்று சொல்ல ஒரு நாசியின் மௌனமும் உதவியது.

பென்சில்வேனியாவில் ரிச்சர்டு டோட்டி 1984இல் வெளியிட்டது சுரண்டி முகரும் சிறு புத்தகங்கள். மொத்தம் 40 மணங்கள்; ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள்; தெரியாவிட்டாலும் ஒன்றைக் குறித்தே ஆகவேண்டும். மோப்பமே இல்லாதவர்கூடக் குருட்டாம்போக்கில் பத்தை ஒட்டிச் சரியாகச் சொல்லிவிடுவார். இழப்பீட்டுக்காக நடிப்பவர் ஒன்றிரண்டுதான் எடுப்பார். சரியான விடையைத் தெரிந்துகொண்டே ஒதுக்கியிருக்கிறார் என்பது அதில் பிடிபடும். இந்த நுட்பத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்புதான்.

ஆனால் அந்தப் பட்டியலில் ரூட் பீரும் ஜிஞ்சர் பிரெட்டும் உண்டு. நம்மூர்ப் பாட்டி அவற்றை எங்கே முகர்ந்திருப்பார்? பெயர் தெரியாததை மூக்கின் குறையாக எண்ணிவிடக் கூடாது. ஜப்பானியர் தங்கள் சோதனையில் எழுதும் மையையும் ஹினோகி மரத்தையும் சேர்த்துக்கொண்டது இதனால்தான்.

கோவிட் வந்த பிறகு மோப்பம் பற்றி எல்லாருமே பேசினார்கள். பார்க்கின்சன் நோயில் கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது மங்கக்கூடும் என்பதும் தெரிந்த செய்திதான். என் மாணவர்களிடம் நான் கேட்பது காபித்தூள் ஒரு டப்பா, கிராம்பு ஒரு டப்பா. தைலமும் கற்பூரமும் வேண்டாம். அவற்றின் எரிச்சலையும் குளிர்ச்சியையும் ஐந்தாம் நரம்பு உணர்ந்துவிடும். முதல் நரம்பு செத்திருந்தாலும் நோயாளி ‘தெரியுது டாக்டர்’ என்பார்.